ஜப்பானிய வாள்பிடிக்கு நாடா சுற்றும் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாமாகி என்றால் என்ன?

ஜப்பானிய வாளின் கைப்பிடிக்குச் சுகா என்று பெயர். அதன் மேல் பட்டு, பருத்தி அல்லது தோல் நாடாவை இறுக்கிச் சுற்றும் வேலைதான் சுகாமாகி. அதையே தொழிலாகச் செய்பவர் சுகாமாகிஷி. கட்டானா என்ற நீள வாளிலும், அதோடு ஜோடியாக இடுப்பில் செருகும் வாகிசாஷி என்ற குட்டை வாளிலும் இதைப் பார்க்கலாம். பிடியின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓடும் சாய்சதுரக் கண்கள், அந்தக் கண்களுக்குள் தெரியும் வெள்ளை நிறச் சொரசொரப்பு, இவை இரண்டும்தான் அடையாளம்.

இது அலங்காரம்தானே?

இல்லை. அலங்காரமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். பிடியின் உள்ளே இருப்பது இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டிய மெல்லிய மரம். அதை ஒட்டியிருப்பது சோற்றுப் பசை. வாள் எதிலாவது மோதும்போது வரும் அதிர்ச்சி முழுவதும் இந்த மரத்துக்குள்தான் இறங்கும். வெறும் மரமாக விட்டால் ஒட்டிய கோட்டிலேயே பிளந்துவிடும். மரத்தைச் சுற்றித் தோல், தோலைச் சுற்றி நாடா என்று அடுக்கடுக்காகக் கட்டும்போதுதான் அது பிளக்காமல் தாங்குகிறது. நாடா குறுக்கே ஏறி இறங்கும் இடங்களில் மேடு பள்ளம் உண்டாவதால் வியர்த்த கையிலும் பிடி வழுக்காது. பார்க்க அழகாக இருப்பது இத்தனைக்கும் பிறகு கிடைத்த உபரி.

பிடிக்குள் என்னென்ன இருக்கிறது?

உள்ளிருந்து வெளியே வருவோம். வாளின் அடிப்பகுதி, அதாவது கூர் தீட்டாமல் பிடிக்குள் நுழையும் துண்டு, நகாகோ எனப்படும். அதைச் சுற்றி ஹோனோகி மரம். இது மக்னோலியா இனத்து மரம். நம் ஊர்ச் செண்பகமும் அதே இனம்தான். மென்மையானது, பிசின் குறைவு, ஆகவே இரும்பைக் கீறாது, துருவேற்றாது. வாளின் உறையையும் இதே மரத்தில்தான் செய்கிறார்கள். நன்றாக உலர்த்திப் பதப்படுத்திய கட்டையைத்தான் எடுப்பார்கள். ஈரமான மரத்தில் செய்தால் பின்னால் அது சுருங்கும். அதோடு மேலே கட்டிய கட்டும் தளர்ந்துபோகும்.

சோற்றுப் பசைக்கும் காரணம் உண்டு. உள்ளே துரு, அழுக்கு ஏதாவது சேர்ந்தால் சேதம் இல்லாமல் இரண்டு பாதியையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வலுவான கோந்தில் ஒட்டிவிட்டால் அது நடக்காது.

மரத்தின் மேல் திருக்கைத் தோல். அதன் மேல் மெனுகி என்ற சின்ன உலோக உருவங்கள், பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே நாடா. கைக்காப்புத் தகட்டை, அதாவது சுபாவை, ஒட்டிவரும் முனையில் ஃபுச்சி என்ற உலோக வளையம். மறுமுனையில் காஷிரா என்ற மூடி. கடைசியாக, பிடியையும் வாளையும் சேர்த்துக் குறுக்கே ஊடுருவும் மூங்கில் ஆணி. அதன் பெயர் மெகுகி. ஆமாம், முழு வாளையும் பிடியோடு இணைத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணிதான்.

அது சுறாத் தோல் என்று படித்தேனே?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிடியில் போடுவது திருக்கைத் தோல். ஜப்பானியர்கள் சமே அல்லது சமேகவா என்கிறார்கள். தோல் முழுவதும் கெட்டியான மணிகள் பதித்ததுபோல் இருக்கும். இந்த மணிகள் நம் பல்லில் இருக்கும் பொருளால் ஆனவை; அதனால்தான் அவ்வளவு கடினம். திருக்கையின் முதுகு நடுவில் மட்டும் சில மணிகள் பெரிதாக இருக்கும். அவற்றுக்கு ஓயாட்சுபு என்று பெயர். நல்ல தோலை வெட்டும்போது இந்தப் பெரிய மணிகள் பிடியின் வெளிப்பக்கத்தில், அதாவது வாளை இடுப்பில் செருகினால் உடலுக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கத்தில், காஷிராவுக்கு அருகே வரும்படி அமைப்பார்கள். பெரிய மணி, சீரான வரிசை, நல்ல வெண்மை, இவையெல்லாம் இருந்தால் விலையும் ஏறும், வைத்திருப்பவரின் அந்தஸ்தும் தெரியும்.

இந்தத் தோலுக்கு ஜப்பான் வெளிநாட்டைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் சயாமின் அயுத்தயாவிலிருந்து மான் தோலும் திருக்கைத் தோலும் கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போயின. முதலில் ஜப்பானின் சொந்தக் கப்பல்களும், அப்புறம் நாடு கதவை மூடிக்கொண்ட காலத்தில் நாகசாகி வழியாக டச்சுக்காரரும் சீனரும் கொண்டுபோனார்கள். சாமுராய் என்றவுடன் முழுக்க முழுக்க உள்நாட்டுப் பொருள் என்று ஒரு நினைப்பு வரும். அவர் கை படும் இடத்தில் இருந்ததோ கடல் தாண்டி வந்த மீன் தோல்.

தோல் போடுவதில் இரண்டு வகை. முழுத் தோலையும் பிடியைச் சுற்றி ஒரே துண்டாகப் போர்த்துவது ஒன்று. மூட்டு உள்பக்கத்தின் நடுவில் வரும். நாடாவின் குறுக்கீடுகள் அதை மறைத்துவிடும். இன்னொன்று, பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டை மரத்தில் பதிப்பது. இரண்டாவது மலிவு, ஆனால் முதலாவது தரும் வலு இதில் கிடையாது. ஊறவைத்த தோலை மரத்தின் மேல் அச்சாகப் படியவைத்து உலர்த்தினால் அது சுருங்கிக் கெட்டியாகிறது. உள்ளே இருக்கும் மரத்துக்கு அதுவே ஒரு கவசம்.

மணிகள் பூப்போல் பெரிது பெரிதாக வரும் ஒரு தோல் வகை உண்டு, கைராகி என்பார்கள். அதை அரக்குப் பூசித் தேய்த்து உறைகளுக்குப் போடுவார்கள். தேநீர்க் கிண்ணங்களில் மெருகு சுருண்டு திட்டுத் திட்டாக நிற்பதற்கும் பீங்கான் ரசிகர்கள் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பட்டு, பருத்தி, தோல்: எது நல்லது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. பழைய வாள்களில் பெரும்பாலும் பட்டு. தட்டையாகப் பின்னிய பட்டு நாடா இறுக்கத்தை நன்றாகத் தாங்கும், குறுக்கீடு கூர்மையாக எழும், கையிலும் இதமாக இருக்கும். பயிற்சி வாள்களில் இன்று பருத்தி அதிகம். அது வியர்வையை உறிஞ்சும், கொஞ்சம் முரடு, விலை குறைவு. மேலே பஞ்சு எழும்பும் என்பதுதான் குறை. தோல் நாடா, முக்கியமாக மான் தோல், கடின உழைப்புக்கு நல்லது.

தோலுக்கு நல்ல உதாரணம் ஹிகோ பாணி. ஹோசொகாவா தடாஒகி (1563–1646) என்ற பிரபு தேநீர்க் கலையிலும் பெயர் பெற்றவர். அவர் ரசனையில் வளர்ந்த பாணி அது. குட்டையான பிடி, கறுப்பு அரக்குப் பூசிய திருக்கைத் தோல், புகையூட்டிய பழுப்பு மான் தோல் நாடா. அவருடைய காசென் கனெசதா என்ற வாள் தோக்கியோவின் எய்செய் புங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வாளால் 36 பேரை வெட்டினார், அதனால் 36 கவிச் சான்றோரின் நினைவாகக் காசென் என்று பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள், பிடியைப் பாருங்கள். பளபளப்பு எதுவும் இல்லாமல் இவ்வளவு கம்பீரமாக ஒரு பிடி இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம்.

செயற்கை இழை நாடாவைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். வழவழப்பானது, எவ்வளவு இழுத்தாலும் நகரும்.

ஒரு பிடிக்கு எவ்வளவு நாடா வேண்டும்?

24 முதல் 27 செ.மீ. நீளமுள்ள கட்டானா பிடிக்கு, 10 மி.மீ. அகல நாடா என்றால் சுமார் 4 மீட்டர். பிடி 30 செ.மீ. என்றால் 5 மீட்டர் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. நாடா குறுகலாக இருந்தால் சுற்றுகள் கூடும், நீளமும் கூடும். முடிச்சுப் போடும்போது நான்கு விரற்கடை குறைந்தால் முழுவதையும் அவிழ்க்க வேண்டியதுதான். இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

நாடாவின் அகலம்தான் கண்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. பிடியின் முதுகிலும் அடியிலும் நாடா இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் படிய வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு நாடா அகலம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 10 மி.மீ. நாடாவில் 25 செ.மீ. பிடிக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு கண் வரும். 8 மி.மீ. என்றால் பதினைந்து. கைத்தொழிலாளி கட்டத் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். கடைசிக் குறுக்கீடு சரியாகக் காஷிராவுக்குப் பக்கத்தில் வந்து முடிய வேண்டும், மெனுகி நடுவில் நிற்க வேண்டும், மூங்கில் ஆணி போடும் துளை முடிந்தவரை ஒரு கண்ணுக்குள் விழ வேண்டும். துளை எங்கே என்பதை நகாகோவில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதை நகர்த்த முடியாது. மற்ற எல்லாம்தான் அதற்கு ஏற்றபடி வளைந்துகொடுக்க வேண்டும்.

நாடாவுக்கு அடியில் காகிதம் வைப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்தக் கலையில் என்னை மிகவும் ஈர்த்ததும் அதுதான். ஹிஷிகாமி என்பது கையால் செய்த ஜப்பானியக் காகிதத்தைச் சின்ன முக்கோணமாக மடித்து வெட்டிய துண்டு. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கு அடியிலும் இருபுறமும் ஒவ்வொன்று. பக்கத்துக்குப் பன்னிரண்டு குறுக்கீடு என்றால் ஒரு பிடிக்கு ஐம்பது துண்டுகள் அளவில் தேவைப்படும். கட்டி முடித்த பிறகு ஒன்றுகூட வெளியே தெரியாது.

எதற்கு இது? வாள்பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவம். பக்கவாட்டில் ஓரளவு தட்டை, முதுகிலும் அடியிலும் வளைவு. நாடா வளைவில் இறுக்கமாகப் பதியும். ஆனால் தட்டையான பக்கத்தில் கீழே ஆதாரம் இல்லாமல் தொய்யும். அந்தத் தொய்வை நிரப்பி, குறுக்கீட்டை மேலே தூக்கிப் பிடிப்பது காகிதம். நாடாவின் ஓரங்களை உள்ளே சரியவிடாமல் தடுப்பதும் அதுதான். காகிதம் இருந்தால் கண்ணின் நான்கு பக்கமும் கத்தி வைத்து வெட்டியதுபோல் நேராக நிற்கும். இல்லாவிட்டால் சில மாதப் பயிற்சியிலேயே கண்கள் வட்டமாகி, கட்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.

எல்லா முக்கோணமும் ஒரே அளவு அல்ல என்பது இன்னும் நுட்பமான விஷயம். பல பிடிகள் நடுவில் கொஞ்சம் ஒடுங்கி இரு முனைகளிலும் விரிந்திருக்கும். இந்த வடிவத்துக்கு ரிக்கோ என்று பெயர், நம் உடுக்கையை மிக லேசாக இழுத்து நீட்டியதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போடும் காகிதமும் முனையில் போடும் காகிதமும் அதனால் வேறு வேறு கனம். மெனுகி இருக்கும் இடத்தில் உலோகமே நாடாவைத் தூக்குவதால் அங்கே காகிதம் குறையும். இதையெல்லாம் கை அனுபவத்தில்தான் அறிய வேண்டும். லேசாக ஈரப்படுத்திச் செருகி, நாடாவை இழுத்து, மேலே அழுத்திப் படியவிடுவார்கள்; உலர்ந்ததும் காகிதம் மரத்துண்டுபோல் இறுகிவிடும்.

மலிவான வாள்களில் முதலில் காணாமல் போவது இந்தக் காகிதம்தான். தெரியாத இடத்தில் இருக்கிறது, வைக்க நேரம் ஆகிறது, விற்பவர் விட்டுவிடுகிறார்.

சரி, எப்படிச் சுற்றுகிறார்கள்?

சுற்றும்போது வாள் உள்ளே இருக்காது. பிடியை மட்டும் ஒரு தாங்கியில் நிறுத்திக்கொள்வார்கள். நாடாவின் நடுப்புள்ளியை ஃபுச்சிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் வைத்து, இரண்டு முனைகளையும் மறுபக்கம் கொண்டுபோய் முதல் குறுக்கீட்டைப் போடுவார்கள். பின் பிடியைத் திருப்பி அடுத்த பக்கம், மறுபடி இந்தப் பக்கம். இப்படியே காஷிரா வரை. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் காகிதம் செருகி, நாடாவை மடக்கி அல்லது திருகி, இழுத்து இறுக்கி, மூங்கிலிலோ கொம்பிலோ செய்த தட்டையான குச்சியால் ஓரங்களைத் தள்ளிச் சீர்செய்வார்கள்.

முக்கியமான விதி ஒன்று. முதல் குறுக்கீட்டில் இடது நாடா மேலே வந்தால், அதே பக்கத்தில் அடுத்த குறுக்கீட்டில் வலது நாடா மேலே வர வேண்டும். மாறி மாறி. ஒரே நாடாவையே எப்போதும் மேலே போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் இழுவிசை ஒரு பக்கமாகச் சாயும். கட்டு காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். ஒரு பிடியை வரிசையாக உற்றுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பெரும் பலம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். பலத்தைவிட முக்கியம், முதல் சுற்றில் இழுத்த அதே அளவில் கடைசிச் சுற்றையும் இழுப்பது. நடுவில் விட்டுவிட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உட்கார்ந்தால் முடித்துவிட்டே எழுவது வழக்கம்.

கடைசியில் நாடாவைக் காஷிராவின் துளைகள் வழியே கொண்டுபோய் இரண்டு பக்கமும் முடிச்சிட்டு, மிச்ச முனையை உள்ளே செருகி வெட்டிவிடுவார்கள். கொம்பில் செய்த காஷிராவுக்கு வேறு முறை. நாடா அதன் மேலேயே குறுக்காக ஏறிக் கடக்கும்.

கட்டு வகைகள் எத்தனை?

நிறைய. முதலில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். ஹினெரிமாகியில் குறுக்கீட்டில் இரண்டு நாடாவையும் ஒரு திருகு திருகிப் போடுவார்கள். மேடு நன்றாக எழும், இன்று மிகப் பரவலாகக் காண்பது இதுதான். ட்சுமாமிமாகியில் திருகாமல் நாடாவைக் கிள்ளி முகடாக்குவார்கள். ஹிராமாகி தட்டையாகக் குறுக்கே போடுவது, தோல் நாடாவுக்குப் பொருத்தம். கடாதேமாகியில் பிடியின் இரு முனைகளில் மட்டும் கண்கள் இருக்கும். நடுப்பகுதி முழுவதும் கயிறு சுற்றியதுபோல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும்.

இவை போக, மெல்லிய கயிறுகளைப் பல இழையாகச் சேர்த்துக் கட்டும் ஜாபராமாகி உண்டு. கண்ணுக்கு விருந்து. பயிற்சிக்கு எடுக்க மனம் வராது.

உள்ளே தெரியும் அந்தச் சின்ன உலோக உருவங்கள் எதற்கு?

மெனுகி முற்காலத்தில் பிடியின் ஆணித் தலையை மறைக்கும் அலங்காரமாக இருந்தது. பின்பு ஆணியை விட்டுப் பிரிந்து நாடாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கோத்தோ குடும்பம் இந்த வேலையில் பேர்போனது. அதன் முதல்வர் கோத்தோ யூஜோ (1440–1512) ஆஷிகாகா ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) யோஷிமாசாவுக்காகப் பணிசெய்தவர். டிராகன், சிங்கம், செடிகொடி, குதிரை, மீன் என்று இரண்டு அங்குலத்துக்குள் ஒரு உலகத்தையே செதுக்கியிருப்பார்கள்.

இரண்டு மெனுகியும் நேர் எதிரெதிராக இருக்காது. ஒன்று ஃபுச்சி பக்கம் தள்ளியும் மற்றொன்று காஷிரா பக்கம் தள்ளியும் இருக்கும். யாக்யூ என்ற வாள்வீச்சு மரபினரின் வாள்களில் இந்த இடங்களை வேண்டுமென்றே மாற்றி வைப்பார்கள். உருவம் விரல்களுக்கு அடியில் வருவதற்குப் பதில் உள்ளங்கைக்கு அடியில் வரும். வாளைக் கையில் பிடிப்பதற்கு அது நல்லது என்பது அவர்கள் கருத்து.

நிறத்துக்கு அர்த்தம் உண்டா?

எடோ காலத்தில் (1603–1868) ஒரு விஷயத்தில் உண்டு. ஷோகுனின் எடோ கோட்டைக்கு முறைப்படி போகும் சாமுராய் கறுப்பு நாடா, வெள்ளைத் திருக்கைத் தோல், கறுப்புக் கொம்புக் காஷிரா, கறுப்பு அரக்கு உறை கொண்ட ஜோடி வாளைத்தான் அணிய வேண்டும். மற்ற நேரங்களில் அவரவர் ரசனை. இன்று இணையத்தில் “இந்த நிறம் வீரத்துக்கு, அந்த நிறம் விசுவாசத்துக்கு” என்று பட்டியல் போடுகிறார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாக் காலத்திலும் இப்படித்தான் கட்டினார்களா?

இல்லை. பழைய டாச்சி வாள்கள், அதாவது கூர் கீழே பார்க்கத் தொங்கவிடும் வகை, பலவற்றில் நாடாவே கிடையாது. திருக்கைத் தோலும் அதன் மேல் உலோகக் குமிழ்களும்தான். இடுப்பில் கூர் மேலே பார்க்கச் செருகும் வாள் முரோமாச்சி காலத்தில் (14–16-ஆம் நூற்றாண்டு) பரவியது. நாடா சுற்றிய பிடி என்றவுடன் இன்று நம் மனதில் வரும் உருவம் அந்த வகை வாளுடையது. எடோ காலத்தில் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் பரிசளித்த இதோமாகி டாச்சியில் பிடியோடு நிற்காமல் உறையின் மேல்பகுதிக்கும் அதே நாடாவைச் சுற்றியிருப்பார்கள். அவற்றில் திருக்கைத் தோலுக்குப் பதில் சரிகைத் துணியும் வரும்.

வாள் அணிவதைத் தடைசெய்த பிறகு இந்தத் தொழில் என்ன ஆனது?

1876-இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தது. ஒரே ஆணையில் கொல்லர், உறை செய்பவர், பிடி கட்டுபவர், நாடா பின்னுபவர் என்று எல்லோர் பிழைப்பும் போனது. நாடா பின்னியவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு மேல் கட்டும் ஓபிஜிமே கயிற்றுக்கு மாறினார்கள். பிடி கட்டியவருக்கு அப்படி மாறிக்கொள்ள இடமில்லை.

பின்னர் படை அதிகாரிகளுக்கான வாள்கள் வந்தன. 1934-இல் ஏற்கப்பட்ட வகையில் பழைய டாச்சியின் சாயலில் பழுப்பு நாடா சுற்றிய பிடி. ஆனால் 1935-இல் அதிகாரி அல்லாத படைத்தலைவர்களுக்கென வந்த வகையில் ஒரு வேடிக்கை: முழுப் பிடியையும் உலோகத்தில் வார்த்து, நாடா, கண்கள், திருக்கைத் தோலின் மணிகள் எல்லாவற்றையும் அந்த வார்ப்பிலேயே கொண்டுவந்து, மேலே வண்ணம் பூசிவிட்டார்கள். முதலில் செம்பு, அப்புறம் அலுமினியம். மரமும் இல்லை, மீனும் இல்லை, காகிதமும் இல்லை. தோற்றம் மட்டும் மிச்சம். பழம்பொருள் சந்தையில் இதைக் கையால் கட்டியது என்று சொல்லி விற்றால் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள்.

இன்று யார் செய்கிறார்கள்? எங்கே பார்க்கலாம்?

ஜப்பானில் இன்னும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. 1948-இல் தொடங்கிய ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் போட்டிக் கண்காட்சியில் வாள் செய்வது, தீட்டுவது ஆகியவற்றோடு பிடி வேலைக்கும் தனிப் பிரிவு உண்டு. அந்தச் சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் 2018 முதல் தோக்கியோவில் சுமோ அரங்கம் இருக்கும் ரியோகொக்கு பகுதியில் இயங்குகிறது. போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வாள் அலகுகளைத்தான் அங்கே காண்பார்கள். பிடியும் உறையும் காட்சிக்கு வந்திருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாங்கும்போது கட்டு நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நிறத்தைப் பார்ப்பதை விடுங்கள். பிடியின் முதுகைப் பாருங்கள்: நாடாச் சுற்றுகளுக்கு இடையே சந்து தெரிகிறதா? தெரிந்தால் வேண்டாம். கட்டைவிரலால் ஒரு குறுக்கீட்டைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நகரக் கூடாது. லேசாக நகர்ந்தாலும் போகப் போக அது கூடும். குறுக்கீடுகள் பிடியின் நடுக்கோட்டில் நேராக ஓடுகின்றனவா, மேல் நாடா மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கட்டிய நாடாவின் மேல்மட்டம் ஃபுச்சியோடும் காஷிராவோடும் சமமாக இருக்க வேண்டும். நாடா அவற்றைவிட உப்பலாக நின்றால் உள்ளே மரத்தைப் போதுமான அளவு செதுக்கவில்லை என்று அர்த்தம். நாடாவின் கனத்துக்கு இடம்விட்டு மரத்தை முன்கூட்டியே இளைக்க வேண்டும். இதைத் தவறவிட்ட பிடியை எந்தத் திறமைசாலி கட்டினாலும் சரிசெய்ய முடியாது. கண்ணுக்குள் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக்கா, உண்மைத் தோலா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் மணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. இயற்கைத் தோலில் அப்படி இருக்காது. இது வெறும் அசல் நகல் பிரச்சினை இல்லை: உண்மைத் தோலின் கடின மணிகள் நாடாவைக் கடித்துப் பிடிக்கின்றன, வழவழப்பான பிளாஸ்டிக் அதைச் செய்யாது.

கட்டு தளர்ந்துவிட்டது. பசை ஊற்றலாமா?

கூடாது. பசை நாடாவைக் கெட்டியாக்கும், உடையவைக்கும், பின்னால் யாராவது பிரித்துக் கட்ட வந்தால் தோலையும் சேர்த்துக் கெடுக்கும். தளர்ந்த கட்டுக்கு ஒரே வழி மறுபடி கட்டுவது. பழைய நாடாவையே திரும்பப் போடவும் முடியாது. அது ஒருமுறை நீண்டு படிந்துவிட்டது. பயிற்சி வாளுக்கு நாடா என்பது தேயும் பொருள்தான். சைக்கிள் டயரை மாற்ற யாரும் அழுவதில்லை.

அழுக்கு நாடாவைத் தண்ணீரில் கழுவலாமா?

பிடியோடு சேர்த்துக் கழுவாதீர்கள். அடியில் காகிதம் இருக்கிறது, திருக்கைத் தோல் இருக்கிறது, சோற்றுப் பசை இருக்கிறது. தண்ணீர் மூன்றுக்கும் எதிரி. உள்ளே போன ஈரம் நகாகோவில் துருவாக வெளிப்படும். பயிற்சிக்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வது, முடிந்ததும் உலர்ந்த துணியால் பிடியைத் துடைத்துக் காற்றாட வைப்பது, இவ்வளவுதான்.

தாத்தா காலத்துப் பழைய வாளின் நாடா இற்றுப் போயிருக்கிறது. புதிதாகக் கட்டச் சொல்லட்டுமா?

அவசரப்படாதீர்கள். எடோ காலத்து மூலக் கட்டு அப்படியே இருந்தால் அதுவே ஒரு சான்று. பிரித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவுசெய்யுங்கள். கறுப்பு, அடர் பழுப்பு நாடாக்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இற்றுப் போவதைக் கவனித்திருப்பீர்கள். இரும்புச் சத்து சேர்த்துச் சாயமேற்றிய பட்டு வருடங்கள் போகப் போக உள்ளிருந்தே சிதைகிறது. தொட்டால் பொடியாகக் கொட்டும். அதற்குக் காரணம் பராமரிப்பு இல்லாமை மட்டும் அல்ல.

வாளை ஜப்பானுக்கு அனுப்பிக் கட்டிவரலாம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே கூர்மையான எஃகு வாள் ஒவ்வொன்றும் பதிவுச் சான்றிதழோடுதான் இருக்க வேண்டும், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். பிடியை மட்டும் கழற்றி அனுப்புவது எத்தனையோ மேல். ஆனால் பிடி அந்த ஒரு வாளுக்கென்றே குடையப்பட்டது. திரும்பி வந்ததும் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

நானே கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் நல்ல வாளில் தொடங்காதீர்கள். ஒரு மரக்கட்டையை முட்டை வடிவக் குறுக்குவெட்டில் இழைத்து, பருத்தி நாடா வாங்கி, ஹிராமாகி போட்டுப் பழகுங்கள். அப்புறம் ஹினெரிமாகி. முதல் கட்டு நிச்சயம் கோணலாகத்தான் வரும்; கண்கள் ஒரு முனையில் பெரிதாகவும் மறுமுனையில் சிறிதாகவும் இருக்கும், அதாவது போகப் போகக் கை தளர்ந்தது. காகித முக்கோணங்களை எல்லாம் உட்கார்ந்து வெட்டிவிட்டே கட்டத் தொடங்குங்கள். பாதியில் காகிதம் தேடப் போனால் பிடியில் இழுவிசை போய்விடும். ஜப்பானியக் காகிதம் கிடைக்காவிட்டால் நீள நார் உள்ள, எளிதில் கிழியாத வேறு எந்தக் கைக்காகிதமும் பழகுவதற்குப் போதும்; செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தில் கூழாகிவிடும்.

நீங்கள் கட்டிய பிடியைக் கூர்மையான வாளில் மாட்டிச் சுழற்றுவது மட்டும் வேண்டாம். அனுபவசாலி ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அது அலமாரிக்குத்தான். கூர் தீட்ட முடியாத கலப்பு உலோகத்தில் செய்த இயைதோ என்ற பயிற்சி வாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூர் இல்லாவிட்டாலும் பிடி நழுவி ஒரு கிலோ உலோகம் பறந்தால் எதிரில் இருப்பவர் கதி என்ன?

நாடா நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்டினால் பிடிக்குள் “டக் டக்” என்று கேட்கிறது. நாடாவைத்தான் இறுக்க வேண்டுமா?

இது நாடாவின் குற்றம் இல்லை. மூங்கில் ஆணி தேய்ந்திருக்கும், அல்லது மரத்தின் உட்குழி தளர்ந்திருக்கும். முதலில் மெகுகியைத் தட்டி எடுத்து, நசுங்கியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நன்கு முற்றிய, உலர்ந்த மூங்கிலில் புதிதாக ஒன்று செய்து போட்டால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் பிடியின் மரத்தையே பார்க்க வேண்டும். அதுவரை வாளை உறையிலேயே வைத்திருங்கள்.